பெயர் பெற்ற துரையும் பெயரற்ற சிறுவனும்

செஞ்சிக்குக் கூட்டம் பேசப் போகும்போதெல்லாம் இராசகிரியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறுகிறோம். தேசிங்கு ராசன் கதை சொல்ல அங்கே தோழர்கள் பலர் உண்டு. நாம் சொல்ல வந்தது, அந்த மலையிலிருந்த மன்னரிடம் ஒரு கோட்டையை விலைபேசி வாங்கிய வெள்ளைக்காரத் துரையின் கதை. பெயர் எலிகு யேல்!

ஆம், 1968-ல் அண்ணா விருந்தினராகச் சென்றாரே, அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகம், அது தாங்கி நிற்பது இவர் பெயரைத்தான்.

1649-ல் பாஸ்டன் நகரில் பிறந்தார். சிறு பிள்ளையாக இங்கிலாந்து போனவர், பிறந்த மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை. 1672-ல் கம்பெனி வேலைக்குச் சென்னை வந்தார், 1687-ல் கவர்னர்!

செஞ்சியிலோ சிவாஜியின் மகன் இராசாராம். மொகலாயப் படை நெருங்குகிறது, பணமுடை. 1690-ல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டை கம்பெனிக்கு விற்கப்பட்டது. எல்லை வகுத்தது எப்படித் தெரியுமா? அளவுகோல் இல்லை, எல்லைக்கல் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டார்கள். குண்டு போன தூரம்வரை கம்பெனிக்கு! குண்டு கிராமங்கள் என்றே அந்த ஊர்களுக்குப் பெயர் வந்தது. உழுதவனை யார் கேட்டார்கள்?

சொந்த வாணிபத்தில் கொழுத்தார் என்ற குற்றச்சாட்டில் 1692-ல் பதவி போயிற்று. பணம் போகவில்லை! தாயகம் திரும்பி, 1718-ல் நியூ ஹேவன் நகரிலிருந்த சிறு கல்லூரிக்கு 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும், ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோயிற்று. கல்லூரிக்கு யேல் பெயர் சூட்டினார்கள். மலிவான விலைதான்! 1721-ல் இலண்டனில் மறைந்தார்.

இவருடைய ஓவியம் ஒன்று அந்தப் பல்கலைக் கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. சீமான்களோடு துரை அமர்ந்திருக்கிறார். ஓரத்தில் ஒரு கறுப்புச் சிறுவன், கழுத்தில் பூட்டுப் போட்ட வெள்ளி வளையம். வியப்பில்லை. இவர் கவர்னராக இருந்த சென்னையில், செயிண்ட் எலினா தீவுக்குப் போகும் கப்பல் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச் செல்ல உத்தரவு இருந்தது. 1688-ல் அடிமை வாணிபத்தைத் தடுத்து ஆணை பிறந்ததும் அவர் காலத்தில்தான், அதையும் சொல்லிவிடுகிறோம்.

2020-ல் அந்தப் படத்தைக் கழற்றினார்கள். சிறுவன் யாரென்று ஆராய்ந்தார்கள். 2022-ல் மீண்டும் மாட்டினார்கள். அப்போதும் பெயர் கிடைக்கவில்லை.

துரைக்கும் ஒரு சிறுவன் இருந்தான்; டேவிட். நான்கு வயதில் சென்னையில் இறந்தான். அவன் கல்லறை உயர்நீதிமன்ற வளாகத்தில், பெயரோடு நிற்கிறது.