உதவித்தொகை கேட்ட இராமானுஜன்

டிசம்பர் 22ஆம் நாள் கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் பிறந்த நாள். 2012ஆம் ஆண்டு முதல் அதை நாடெங்கும் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். வினாடி வினா வைக்கிறோம். அவர் கண்ட சூத்திரங்களை விளக்கிச் சொல்ல நமக்குத் திறமையில்லை. ஆனால் அவர் எழுதிய விண்ணப்பங்களின் கதையைச் சொல்ல முடியும். அது நம் பள்ளிக்கு மிகவும் வேண்டிய கதை.

ஏனெனில், பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் கல்லூரிக்குப் போக விரும்பும் பெண்ணுக்கு மதிப்பெண் மட்டும் போதவில்லை. வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் காத்திருக்க வேண்டும். ஒரே இடத்துக்குப் போட்டியிடும் பலரோடு தானும் எழுத வேண்டும். நம் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். இன்றில்லாவிட்டால் நாளை நம் முறை வரும். உதவித்தொகைக்கு அப்படி முறை கிடையாது. கேட்டுத்தான் பெறவேண்டும், பெற்றபின் காத்துக்கொள்ளவும் வேண்டும். இராமானுஜன் அதைப் பெற்றார், இழந்தார், மறுபடியும் கேட்டார்.

அவர் 1887இல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், வெளியூர் மாணவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தும் குடும்பச் செலவைச் சரிக்கட்டினார். 1897இல் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறியதால், டவுன் உயர்நிலைப் பள்ளியில் சிறுவன் இராமானுஜனுக்குப் பாதிச் சம்பளச் சலுகை கிடைத்தது. அவர் பெற்ற முதல் கல்வி உதவி அதுதான். 1904இல் அப்பள்ளியில் கணிதப் பரிசும் பெற்றார். அதே ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது சுப்பிரமணியம் உதவித்தொகையும் கிடைத்தது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்தவர்களுக்கு அளிக்கப்பட்ட தொகை அது.

இந்த 'ஆங்கிலத்திலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

பள்ளியின் கடைசி ஆண்டுகளில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு வந்திருந்தது. சுமார் 5,000 தேற்றங்களை வரிசையாக அடுக்கிய புத்தகம். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை, இருந்தாலும் குறிப்பளவே. அந்த நிரூபணங்களைத் தாமே கண்டுபிடிக்கப் புகுந்தவர் பிறகு வெளியே வரவில்லை. கல்லூரியில் ஆங்கில வகுப்பு நடக்கும்போதும் கணக்கு, சரித்திர வகுப்பு நடக்கும்போதும் கணக்கு. ஆண்டு முடிவில் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறினார், உதவித்தொகை நின்றது. கல்லூரிச் சம்பளமோ ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கொடுத்தாலும் அது தீராது.

கோமளத்தம்மாள் சும்மா இருக்கவில்லை. நேரே கல்லூரி முதல்வரிடம் சென்று, கணக்கில் தம் மகனுக்கு இணையான மாணவன் உண்டா என்று வாதாடினார். முதல்வர் மரியாதையாகவே பேசினார். ஆனால் விதி விதிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்றைக்குப் படிக்கும் நமக்கு முதல்வர் மீது கோபம் வரலாம். ஆனால் இரண்டு பாடங்களுக்காகக் கொடுத்த தொகையை ஒரு பாடத்துக்காக அவர் எப்படித் தொடர முடியும்? குறை அவரிடமில்லை, ஒரே துறையில் பிறவித் திறமை கொண்ட மாணவனுக்கு அந்நாளைய கல்வி முறையில் ஒரு வாசலும் இல்லை என்பதே குறை. எனினும், பிடித்த பாடத்தை மட்டும் படித்துவிட்டு மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றிருக்கும் நம் சிறுமியர் சிலர் இந்த இடத்தை இரண்டு முறை படிப்பது நல்லது.

1905 ஆகஸ்டில் இராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். மகனைக் காணோம் என்று பெற்றோர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தனர். திரும்பி வந்தபின் வருகை நாட்கள் போதாமல் போயின. 1906இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஆங்கிலத்தோடு உடலியலும் எதிரியாயிற்று. இடையில் நோய் வந்து ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தவறினார். இருபது வயதில் பட்டமில்லை, வேலையில்லை. கையில் கணக்கு நோட்டுகள் மட்டும் இருந்தன. 1909இல் சிறுமி ஜானகியுடன் திருமணமும் ஆயிற்று. வேலை தேடவேண்டிய கட்டாயம் இப்போது இருமடங்கு.

இதற்குப் பின்னர் அவர் சென்ற வழிகளில் ஒன்று நம் ஏரிக்கரை வழி. சென்னையிலிருந்து நெல்லூருக்குப் போகும் இருப்புப்பாதை பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை என்று பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே நீண்டு செல்வது. ஏரியின் வடபாகம் அந்நாளில் நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் இராமச்சந்திர ராவ் கணிதத்தில் ஆர்வமுள்ளவர்; புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த இந்தியக் கணிதக் கழகத்தில் உறுப்பினர். 1910 இறுதியில், பழகிய நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகச்சவரமும் செய்யாத அந்த இளைஞர் கலெக்டர் முன் நின்றார். கலெக்டருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஏமாற்றுக்காரனோ என்ற ஐயமும் இருந்தது. சில சந்திப்புகளுக்குப் பின், எளிய கணக்கிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல ஏறி விளக்கியபோதுதான் எதிரில் நிற்பவர் யாரென்று தெரிந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார். வயிற்றுக்குக் கவலையில்லாமல் கணக்குச் செய்ய ஒரு சிறு தொகை என்பதே இராமானுஜனின் பதில். கலெக்டர் அவருக்கு உதவித்தொகை ஏதேனும் வாங்கித்தர முயன்றார், கிடைக்கவில்லை. ஆகவே சென்னையில் தங்கியிருக்கச் சொல்லித் தம் கையிலிருந்தே மாதம் 25 ரூபாய் அனுப்பிவந்தார்.

பிறர் பணத்தில் வாழ்வது இராமானுஜனை உறுத்தியது. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினார். அந்த விண்ணப்பத்தை நாம் எல்லோரும் படித்துப் பார்க்கவேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், எதிர்பாராத நிலைமைகளால் மேலே படிக்க முடியாமற்போனதையும், அதன்பின் முழு நேரத்தையும் கணிதத்தில் செலவிட்டதையும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். இல்லாத தகுதியைச் சேர்க்கவில்லை, அழுது புலம்பவுமில்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரைக் கடிதத்தையும் இணைத்திருந்தார். வேலை கிடைத்தது, மாதம் 30 ரூபாய்.

துறைமுகத்தில் நல்ல மனிதர்கள் வாய்த்தார்கள். மேலதிகாரியான நாராயண ஐயர் தாமே கணிதம் படித்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். அவர்களும் நண்பர்களும் தந்த ஊக்கத்தில் இராமானுஜன் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். இருவர் உதவ முன்வரவில்லை. மூன்றாமவர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஹார்டி. 1913 ஜனவரி 16ஆம் நாளிட்ட அந்தக் கடிதத்திலும் இராமானுஜன் தம்மைப் பல்கலைக்கழகப் பட்டமில்லாத ஒரு குமாஸ்தா என்றே அறிமுகப்படுத்திக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை எழுதியிருந்தார். ஹார்டி பதில் எழுதினார்.

அடுத்த மாதம் கில்பர்ட் வாக்கர் என்ற வானிலைத் துறைத் தலைவர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். பருவமழை எந்த ஆண்டு பொய்க்கும், எந்த ஆண்டு கொட்டும் என்பதைக் கணக்கால் முன்னறிய முடியுமா என்று ஆயுளெல்லாம் உழைத்தவர் இவர். கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு இவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் காட்டிய நோட்டைப் பார்த்த வாக்கர், இந்த இளைஞர் சில ஆண்டுகளாவது பிழைப்புக் கவலையின்றி ஆராயப் பல்கலைக்கழகம் உதவவேண்டும் என்று பதிவாளருக்கு எழுதினார்.

மறுபடியும் விதி குறுக்கே வந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கே உரியது, இவரோ எஃப்.ஏ.யே தேறாதவர். கணிதப் பாடக்குழு 1913 மார்ச் 19ஆம் நாள் கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஏப்ரலில் ஆட்சிக்குழுவில் இதைப் பேசும்போது, பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டத்தின் முகப்பிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பது அதன் கடமை என்று இருக்கிறதே என நீதிபதி சுந்தரமய்யர் எடுத்துக்காட்டினார். எட்டாண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் ஒரு தாயை வெறுங்கையோடு திருப்பியது விதி. இங்கே விதியைக் கடைசி வரியோடு நிறுத்தாமல் முதல் வரியிலிருந்து படித்தார் ஒருவர். 1913 மே முதல் இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ஆனார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை, தவறாமல் தந்தார்.

1914இல் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணச் செலவும் கொடுத்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. மார்ச் 17ஆம் நாள் கப்பலேறினார். வீட்டாரின் செலவுக்காக அத்தொகையில் ஒரு பகுதி இங்கேயே தரப்பட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் புறப்பட்டார். 1916 மார்ச்சில் ஆராய்ச்சியின் மூலமே அவருக்கு பி.ஏ. பட்டம் கிடைத்தது. அந்த ஆராய்ச்சிப் பொருளின் வாசற்படியை மட்டும் நாமும் தொட்டுப் பார்க்கலாம். 12 நண்டு கிடைத்தால் ஒருவராக எடுக்கலாம், 2, 3, 4, 6, 12 பேர் சமமாகவும் பங்கிடலாம். 11 நண்டுக்கு அது முடியாது. 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் இத்தனை விதமாகப் பங்கிட இயலாது. அப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் மிஞ்சும் அடுத்த எண்கள் 24, 36, 48, 60. இவ்வகை எண்களின் இயல்பைத்தான் அவர் ஆராய்ந்தார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரும் ஆனார்.

போர்க்கால இங்கிலாந்தில் சைவ உணவு கிடைக்காத சிரமமும் குளிரும் சேர்ந்து, 1917 முதல் நோய் அவரை மருத்துவமனைக்கு மருத்துவமனை அலைக்கழித்தது. அந்த நிலையில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தொடர்ந்து அளிக்கத் தீர்மானித்தது. 1919 ஜனவரியில் பதிவாளர் டியூஸ்பரிக்கு நன்றி தெரிவித்து அவர் எழுதிய கடிதம், பணத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் நமக்கு மிகவும் பிடித்தது. தமக்கு அவ்வளவு தேவைப்படாது. பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். பையன்கள் என்றுதான் அக்கடிதத்தில் இருக்கிறது. பெண்களைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தக் காலம் அப்படி.

அவ்வாண்டே தாயகம் திரும்பினார். ஜானகியம்மாள் இரவும் பகலும் உடனிருந்து பணிவிடை செய்தார். படுக்கையிலும் கணக்குத் தாள்கள் நிறைந்தவண்ணம் இருந்தன. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் காலமானார்.

பல்கலைக்கழகம் ஜானகியம்மாளுக்கு ஒரு சிறு ஓய்வூதியம் அளித்தது. அவர் தையற்கலை கற்றுக்கொண்டு, பின்னர் திருவல்லிக்கேணியில் தையல் இயந்திரத்தை வைத்தே நெடுங்காலம் தம் சோற்றைத் தாமே சம்பாதித்தார். ஓர் ஆண் குழந்தையை எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தார். 1994இல் மறைந்தார்.