குப்பைக்கு மதிப்புத் தந்த துரை

ராசிபுரம் பக்கம் கத்தரி நாற்று நடுகிற விவசாயிக்கு ஒரு கவலை உண்டு. நாற்று வேர் பிடித்ததும் யூரியா தூவுவார். செடி தளதளவென்று வளரும். அந்த நேரம் பார்த்து ஒரு கனமழை! சேலம், நாமக்கல் சமவெளியின் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது. கரைந்த உரமும் அதோடு வேருக்குக் கீழே போய்விடும். காய் பிடிக்கும் சமயத்தில் செடிக்குப் பசி, விவசாயிக்கு நஷ்டம்.

உரம் ஒரேயடியாகக் கரைந்து ஓடாமல், செடிக்கு வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அதற்கு என்ன வழி? இந்திய மண்ணில் 26 ஆண்டுகள் உழைத்து இதற்கு ஒரு வழி கண்டவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் சர் ஆல்பர்ட் ஹோவர்டு.

நிலமில்லாத நிபுணர்

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்ற பகுதியில், ஒரு விவசாயியின் மகனாக 1873-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி பிறந்தார் ஹோவர்டு. லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், கரும்பு முதலிய பயிர்களின் நோய்களை ஆராய்ந்தார்.

அங்கே அவர் மனம் உறுத்தியது. பயிர் செய்கிறவர்களுக்குப் புத்தி சொல்லும் வேலை அவருடையது. ஆனால், தாமே பயிரிட்டுப் பார்க்க ஒரு சாண் நிலம்கூட அவரிடம் இல்லை!

1905-ல் அந்தக் குறை தீர்ந்தது. இந்திய சர்க்காரின் தாவர நிபுணராக பீகாரில் உள்ள பூசாவுக்கு வந்தார். 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. அதே ஆண்டில் காப்ரியேலை மணந்தார். அந்த அம்மையார் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த தாவர விஞ்ஞானி. பூசாவில் கணவருக்குச் சமமாக நின்று உழைத்தார். பூசா 4, பூசா 12 என்ற புகழ்பெற்ற கோதுமை ரகங்கள் இருவரின் உழைப்பில் விளைந்தவை.

ஆசிரியர் மாணவரானார்

கற்பிக்க வந்தவர் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். சுற்றுக் கிராமங்களின் வயல்களில் மருந்து இல்லை; மூட்டை உரம் இல்லை. ஆனாலும் பயிர்களில் பூச்சியும் நோயும் அதிகம் காணவில்லை. ஆகவே உழவர்களையே தமது குருவாகக் கொண்டார்.

பூசாவில் விதைக்கு ஒருவர், பூச்சிக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர் என்று தனித்தனி இலாகா. மண்ணையும் மாட்டையும் பயிரையும் பிரித்துப் பார்ப்பது ஹோவர்டுக்குப் பிடிக்கவில்லை. தமது எண்ணப்படி நடத்த ஒரு பண்ணையை நாடினார். 1924-ல் இந்தூரில் அது அமைந்தது. சமஸ்தானம் 300 ஏக்கர் கொடுத்தது. பருத்திக் கமிட்டி பணம் கொடுத்தது.

மூன்று மாதக் குழி

இந்தூரில் அவர் கண்ட காட்சி நம் ஊரிலும் பழக்கமானதுதான். சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிந்தது. பருத்தி மார் வீணாயிற்று. மண்ணோ வெறும் வயிற்றோடு கிடந்தது!

சீன உழவர்கள் குப்பையைப் பக்குவப்படுத்தி எருவாக்கும் விதத்தை ஹோவர்டு புத்தகத்தில் படித்திருந்தார். அதையும் நம் நாட்டு எருக்குழியையும் சேர்த்து, அளவும் கணக்கும் உள்ள ஒரு முறையை வகுத்தார்.

குழி 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழம். கடினமான பருத்தி மாரைப் பண்ணைப் பாதையில் பரப்பினார்கள். வண்டிச் சக்கரம் அதை நசுக்கிக் கொடுத்தது. அதோடு களை, சருகு, கரும்புச் சோகை, கொஞ்சம் சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல், தண்ணீர். மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு தயார். சாணத்தில் ஒரு பகுதியே போதும். மீதியை அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதில் சூட்சுமம் என்ன? பச்சைக் குப்பையை நேராக மண்ணில் புதைத்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே தின்றுவிடும். பயிர் மஞ்சளாகும். குழியில் நன்றாக மக்கிய பின் இட்டால், நுண்ணுயிர்கள் சத்தைச் சிறுகச் சிறுக விடுவிக்கும். மாதச் சம்பளம் போல் அது பயிருக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரே மழையில் எல்லாம் போகாது.

துயரமும் புகழும்

1930-ல் காப்ரியேல் காலமானார். மறு ஆண்டு ஹோவர்டு இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். இந்தூர் முறையை விளக்கும் நூல், யஷ்வந்த் வாட் என்ற இந்திய ரசாயன நிபுணரின் பெயரையும் தாங்கி, 1931-ல் வெளிவந்தது. 1934-ல் சர் பட்டம் கிடைத்தது. அவருடைய முறை தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் பரவியது. 1947 அக்டோபர் 20-ந் தேதி ஹோவர்டு காலமானார்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. நல்ல எரு இருந்தால் நோயே அணுகாது என்பது மிகை என்றார்கள். ரசாயன உரத்தை அறவே வெறுத்ததும் பலருக்குச் சம்மதமில்லை. ஆனால், சத்து மெதுவாகக் கிடைப்பதே நல்லது என்ற உண்மையை யாரும் மறுக்கவில்லை. 2015-ல் யூரியா முழுவதிலும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று இந்திய அரசு உத்தரவிட்டதும், யூரியாவின் சத்து விரைவில் வீணாவதைத் தடுக்கத்தான்.

நாமக்கல்லில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைப் பச்சையாகப் போட்டால் செடி கருகும். சருகும் தென்னை நார்க் கழிவும் கலந்து, ஈரம் காத்து, புரட்டி மக்க வைத்தால் அதுவே நல்ல அடியுரம். தக்காளிக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரம் கடைசி உழவில் இடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம்.

நாற்று நடுவதற்கு மூன்று மாதம் முன்பே குழியை நிரப்பத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தவர் தோட்டத்தில், மழை ஓய்ந்த பிறகும் கத்தரிச் செடிக்குச் சோறு மிச்சமிருக்கும்.