ருடால்ஃப் ஆக்கர்மன்

ருடால்ஃப் ஆக்கர்மன் (ஏப்ரல் 20, 1764 - மார்ச் 30, 1834) இலண்டனில் வாழ்ந்த ஜெர்மானியக் குதிரைவண்டி வடிவமைப்பாளரும் பதிப்பாளரும் ஆவார். வாகனங்களின் முன்சக்கரத் திருப்பத்துக்கான ஆக்கர்மன் வடிவியல் இவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

வாழ்க்கை

சாக்சனியின் ஸ்டோல்பெர்க்கில் சேணம் செய்பவரின் மகனாகப் பிறந்தார். 1795இல் இலண்டனில் அச்சுப்பட விற்பனை நிலையம் தொடங்கினார். 1806இல் நெல்சனின் இறுதி ஊர்வல வண்டியை வடிவமைத்தார்.

ஆக்கர்மன் வடிவியல்

வண்டி திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் செல்வதால், வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும்; இல்லையெனில் சக்கரங்கள் தரையில் உராய்ந்து இழுபடும். இதற்கான அமைப்பை உருவாக்கியவர் ஆக்கர்மன் அல்லர். மியூனிக் நகர வண்டி கட்டுநர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் ஆவார். அவருடைய முகவராகவே ஆக்கர்மன் 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆயினும் முகவரின் பெயரே நிலைத்தது.

மண்தடப் பந்தயச் சீருந்துகள் வளைவில் சறுக்கியபடி செல்வதால், அவற்றில் இக்கோண வேறுபாடு தேவைக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ அமைக்கப்படுகிறது.