யாப்பு வகுத்த அறிஞர் மடிசன்

யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். அசையும் சீரும் தளையும் தம்முள் இயைந்து கட்டுண்டு நிற்கும்போது செய்யுள் பிறக்கின்றது. ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் ஒருங்கே கட்டும் அடிப்படைச் சட்டத்தையும் நாம் அரசியல் யாப்பு என்றே வழங்குகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் யாப்புக்குத் தந்தை எனப் போற்றப்படுபவர் ஜேம்ஸ் மடிசன். அவர் வாளேந்திப் புகழ் பெற்றவருமல்லர், மேடையதிர முழங்கியவருமல்லர். நூல் பல கற்று, கற்றதனை நாட்டுக்குப் பயன்படுத்தியவர். தம் கருத்துத் திருந்தவேண்டுமெனக் கண்டவிடத்துத் திருத்திக்கொண்டவர். எனினும், ஒரு பெருந்தவற்றைத் திருத்தாமலே சென்றவர்.

மடிசன் 1751ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆந் திகதி, அந்நாளிற் பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்டிருந்த வேர்ஜினியாவிலே, பெருநிலக்கிழார் ஒருவரின் பன்னிரு மக்களுள் மூத்தவராய்ப் பிறந்தார். ஏறத்தாழ 5 அடி 4 அங்குல உயரம், மெலிந்த யாக்கை, உரத்துப் பேச இயலாத குரல் என்பன அவருக்கு வாய்த்தவை. பிரின்ஸ்டனில் இருந்த நியூ ஜேர்சிக் கல்லூரியின் பட்டக் கல்வியை ஈராண்டில் முடித்தார். 1771இல் தேறிய பின்னும் அங்கே தங்கி, கல்லூரித் தலைவர் ஜோன் விதர்ஸ்பூனிடம் எபிரேய மொழியும் அறநூலும் பயின்றார்.

1776இல் வேர்ஜினியா தன் மக்களுக்கென உரிமைச் சாசனம் ஒன்றை வகுத்தது. அதனை வரைந்தவர் ஜோர்ஜ் மேசன். சமய வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும் என்ற கருத்து அவ்வரைவில் இருந்தது. 25 வயதினரான மடிசன் அதனை ஏற்றிலர். பொறுத்துக்கொள்ளல் என்பது வலியார் விரும்பும்வரை அளிக்கும் சலுகையே. வழிபடும் சுதந்திரமோ எல்லார்க்கும் சமமாக உரியது என்பது அவர் துணிபு. அவர் முயற்சியால் வாசகம் மாறியது; சலுகை உரிமையாயிற்று.

விடுதலை பெற்ற 13 இராச்சியங்களும் தளர்ந்ததொரு கூட்டிணைப்பில் இருந்தன. 1781இல் நடைமுறைக்கு வந்த அக்கூட்டிணைப்பின் காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. போர்க்கடனைத் தீர்க்கவும் வழியில்லை. நோயைக் கண்ட மடிசன் மருந்தை நூல்களிலே தேடினார். பாரிசில் தூதுவராயிருந்த நண்பர் தோமஸ் ஜெபர்சன் பெட்டிகளில் நூல்களை நிறைத்து அனுப்பினார். பண்டைக் கிரேக்க நகரங்களின் கூட்டிணைப்புகளையும், சுவிற்சர்லாந்து, ஒல்லாந்து, ஜேர்மனி என்பவற்றின் கூட்டிணைப்புகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை எக்குறையால் நலிந்தன என மடிசன் குறிப்பெழுதினார். உறுப்பு நாடுகளின் தயவிலே தங்கும் மத்திய அரசு நிலையாது என்பது அவர் கண்ட முடிபு.

1787 மே மாதத்தில் பிலடெல்பியா மாநாடு தொடங்கியது. அதிற் கலந்துகொண்ட பேராளர் 55 பேர். மடிசனின் சிந்தனையில் உருவான வேர்ஜினியாத் திட்டத்தை எட்மண்ட் ரண்டொல்வ் சமர்ப்பித்தார். சட்டமாக்கல், நிறைவேற்றல், நீதி என அதிகாரத்தைப் பிரித்தல் வேண்டும் என்ற பிரெஞ்சு அறிஞர் மொன்தெஸ்கியூவின் கொள்கை அங்கே உருப்பெற்றது. ஆயினும் மடிசன் விரும்பியவை யாவும் நிறைவேறவில்லை. செனற் சபையில் இராச்சியங்களுக்குச் சம இடம் வழங்குவதை அவர் எதிர்த்துத் தோற்றார். தோற்றும் சினந்து விலகினாரல்லர்; நாள்தோறும் விவாதங்களை எழுதிவைத்தார். செப்டெம்பர் 17இல் 39 பேர் யாப்பில் ஒப்பமிட்டனர்.

குடியரசு சிறு நாட்டுக்கே பொருந்தும் என்பது மொன்தெஸ்கியூ கருத்து. அலெக்சாண்டர் ஹமில்டன், ஜோன் ஜே என்பாருடன் மடிசன் எழுதிய 85 கட்டுரைகளுட் பத்தாவது, அக்கருத்தை மறுத்தது. பரந்த நாட்டிலே பல்வேறு நலன்களும் கட்சிகளும் இருக்குமாதலின், ஒரு கூட்டம் பெரும்பான்மையாகத் திரண்டு ஏனையோரை நசுக்குதல் அரிது என மடிசன் நிறுவினார். ஆசிரியராகக் கொண்டவரையும் ஆராய்ந்தே ஏற்ற கல்வி அவருடையது.

யாப்பில் உரிமைச் சாசனம் இல்லை என்று கூறி ஒப்பமிட மறுத்தவருள் மேசனும் ஒருவர். அத்தகைய சாசனம் வேண்டுவதில்லை என்றே மடிசன் முதலிற் கருதினார். ஏட்டில் எழுதிய உரிமைகளைப் பெரும்பான்மையோர் மீறுவதை அவர் கண்டிருந்தார். சில உரிமைகளை எண்ணிச் சொன்னால், சொல்லாதவை இல்லையெனக் கொள்ளப்படும் என்றும் அஞ்சினார். 1788இல் வேர்ஜினியா 79க்கு எதிராக 89 வாக்குகளால் மட்டுமே யாப்பை ஏற்றது. மக்கள் அச்சம் பொய்யன்று என அவர் உணர்ந்தார். ஜெபர்சனின் கடிதங்களும், சிறைத்துன்பம் கண்ட பப்ரிஸ்து சபையாரின் வேண்டுகோளும் அவர் மனத்தை மாற்றின. 1789 யூன் 8இல், தாம் வேண்டாவென்ற சாசனத்தைத் தாமே காங்கிரசின் முன் வைத்தார். அதிலிருந்து உருவான பத்துத் திருத்தங்கள் 1791 டிசெம்பர் 15இல் நிறைவேறின. சொல்லப்படாத உரிமைகளும் மக்களுக்கு உண்டு என்னும் ஒன்பதாந் திருத்தம், அவருடைய பழைய அச்சத்துக்கு விடையாயிற்று.

1809 முதல் 1817 வரை மடிசன் சனாதிபதியாயிருந்தார். 1814இல் பிரித்தானியப் படை வாஷிங்டனை எரிக்க வந்தபோது, சுதந்திரப் பிரகடனமும் யாப்பின் மூலமும் துணிப்பைகளிலே கட்டப்பட்டு வெளியூர் சென்று தப்பின.

ஏடு தப்பியது, ஆயினும் அதன் குறை தீரவில்லை. மனிதரை உடைமையெனக் கொள்ளும் எண்ணம் யாப்பில் இடம்பெறலாகாது என மாநாட்டில் வாதிட்ட மடிசன், தம் தோட்டத்திலே அடிமைகளை வைத்திருந்தார். 1836 யூன் 28இல், 85ஆம் வயதில் இறக்கும்போதும் அவர்களை விடுவித்தாரல்லர். இறுதி நேரத்தில் உடனிருந்தவருள் ஒருவர் போல் ஜெனிங்ஸ் என்னும் அடிமை. அவர் பின்னர் 1847இல் விடுதலை பெற்று, மடிசனைப் பற்றித் தம் நினைவுகளைக் கூறினார். அவை நூலாக வெளிவந்த 1865ஆம் ஆண்டிலேயே, அடிமைமுறையை ஒழிக்கும் பதின்மூன்றாந் திருத்தமும் நிறைவேறியது.

மடிசன் எழுதிய மாநாட்டுக் குறிப்புகள் 1840இல் அச்சேறின. யாப்பு எவ்வாறு கட்டப்பட்டது என்பதை அவற்றிற் கற்கலாம். அக்கட்டு யாரைப் புறத்தே நிறுத்தியது என்பதை ஜெனிங்ஸின் சிறுநூலிற் கற்கலாம். மடிசனை அறிய விழையும் மாணவர் இரண்டையும் கற்றல் வேண்டும்.