தொடாமல் இசைத்த மேதை லியோன் தெரமின்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்துரைப்பது தமிழர் மரபு. முழவாயினும் குழலாயினும் யாழாயினும், கையோ வாயோ தீண்டினாலன்றி அக்கருவிகள் ஒலிப்பதில்லை. இவ்வகைகளுள் அடங்காது, தொடாமலேயே இசை எழுப்பும் கருவியொன்றை 1920-ஆம் ஆண்டளவில் உருசிய நாட்டு இளைஞர் ஒருவர் படைத்தார். லெவ் செர்கேயெவிச் தெர்மென் என்னும் இயற்பெயருடைய அவரை மேலைநாட்டார் லியோன் தெரமின் என அழைத்தனர். அவர் படைத்த கருவியும் தெரமின் என்றே பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் ஒலிக்கும் மின்னணு இசைக்கு முன்னோடியாய் விளங்கிய அவர்தம் வாழ்வு, வியப்பும் துயரும் கலந்ததாகும்.

இளமையும் கண்டுபிடிப்பும்

தெரமின் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். ஒருபுறம் இசைக்கல்லூரியில் செல்லோ என்னும் நரம்புக்கருவியைப் பயின்றார். மறுபுறம் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானியலும் கற்றார். முதல் உலகப்போர்க் காலத்தில் படைத்துறையில் வானொலிப் பொறியியலிலும் தேர்ச்சி பெற்றார். இசையும் இயற்பியலும் அவரிடத்தே ஒருங்கே வளர்ந்தன.

பின்னர் அறிவியலறிஞர் ஆப்ராம் ஐயோஃபேயின் ஆய்வகத்தில் பணியேற்ற அவர், வளிமங்களின் மின்பண்புகளை அளக்கும் கருவியொன்றை அமைத்துக்கொண்டிருந்தார். அளவின் மாற்றத்தைக் காதால் அறியும்பொருட்டு அதனோடு ஒலியெழுப்பும் அமைப்பொன்றையும் இணைத்திருந்தார். தம் கை அக்கருவியை நெருங்குந்தோறும் ஒலியின் சுருதி மாறுவதை ஒருநாள் உணர்ந்தார். பிறரெனின் அதனை ஆய்வுக்கு நேர்ந்த இடையூறு எனத் தள்ளியிருப்பர். செல்லோ பயின்ற தெரமினோ, கையை மெல்ல அசைத்து அவ்வொலியிலேயே இசை அமைத்தார். அவ்வாறு பிறந்ததே அவர்தம் கருவி.

அதன் இயக்கம் எளிதில் விளங்குவதே. கருவியினுள் செவிக்கு எட்டாத அதிர்வுகளை உண்டாக்கும் மின்சுற்றுகள் இரண்டு உள. ஒன்றன் அதிர்வெண் நிலையானது; மற்றொன்றன் அதிர்வெண் கையின் நெருக்கத்தால் மாறுவது. நிமிர்ந்து நிற்கும் உலோகக் கம்பியை வலக்கை நெருங்கும்போது மின்தேக்குத் திறன் கூடுகின்றது. அதனால் அதிர்வெண் குறைகின்றது. எடுத்துக்காட்டாக, ஒன்று நொடிக்கு 3,00,000 முறையும் மற்றொன்று 2,99,560 முறையும் அதிருமாயின், அவற்றின் வேறுபாடாகிய 440 நம் செவிக்கு ஒலியாகக் கேட்கும். பக்கவாட்டில் உள்ள வளையத்தை இடக்கை நெருங்குவதும் விலகுவதும் ஒலியைக் குறைக்கும்; கூட்டும். வீணைக்கு மெட்டுகள் வழிகாட்டும். இக்கருவிக்கோ வெறுங்காற்றே களமாதலின், செவி ஒன்றே துணையாகும்.

புகழின் உச்சி

1922-ஆம் ஆண்டு கிரெம்லின் மாளிகையில் லெனின் முன்னிலையில் தெரமின் இக்கருவியை இசைத்துக் காட்டினார். லெனினும் தம் கைகளால் இசைத்துப் பார்த்து மகிழ்ந்தார். பின்னர்ச் சோவியத் நாட்டின் பல ஊர்களிலும் நிகழ்ச்சிகள் நடைபெற்றன. 1927-இல் செர்மனி, பிரான்சு, இங்கிலாந்து நாடுகளில் அரங்கேறி, அவ்வாண்டின் இறுதியில் தெரமின் நியூயார்க் நகரை அடைந்தார்.

அமெரிக்கா அவரை ஆரவாரத்துடன் வரவேற்றது. 1928-இல் காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் உரிமம் பெற்றுச் சுமார் 500 கருவிகளைச் செய்து விற்றது. ஆயினும் 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சியும், கருவியைக் கற்பதற்குள்ள அருமையும் விற்பனையைத் தடுத்தன. தெரமின் சோர்ந்திலர். இசைமேதை ஹென்றி கவலின் வேண்டுகோட்கிணங்கப் பதினாறு தாளங்களை ஒருசேர ஒலிக்கவல்ல ரித்மிகான் என்னும் கருவியை 1931-இல் அமைத்தார். ஆடுவோரின் உடலசைவே இசையாகும் மேடையொன்றையும் உருவாக்கினார்.

கைநோயால் வயலினைத் துறக்க நேர்ந்த கிளாரா ராக்மோர் என்னும் இளம் கலைஞர், தெரமினிடம் இக்கருவியைக் கற்று அதன் ஒப்பற்ற வித்தகராய் உயர்ந்தார். வேடிக்கைப் பொருளெனப் பலரும் கருதியதனை உயரிய இசைக்கருவியாக உலகம் ஏற்கச் செய்தவர் அவரே.

சிறையும் ஒற்றுக்கருவியும்

1938-இல் தெரமின் கடன்சுமையுடன் தாயகம் திரும்பினார். கடத்திச் செல்லப்பட்டார் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. தாமே விரும்பித் திரும்பியதாக அவர் பின்னாளில் உரைத்தார். கறுப்பின நடனக்கலைஞரான அவர் மனைவி லவீனியா வில்லியம்ஸ், அதன்பின் தம் கணவரைக் காணவேயில்லை. மறு ஆண்டே தெரமின் கைது செய்யப்பெற்று எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கொடுங்குளிர் நிலவும் கொலிமாப் பகுதிக்கு அனுப்பப்பெற்றார். பின்னர், கைதிகளாகிய அறிஞர்கள் பணியாற்றிய மறைவான ஆய்வுக்கூடங்களுக்கு மாற்றப்பெற்றார்.

1945-இல் சோவியத் சிறுவர்கள், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தால் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தனர். அதனுள் ஒளிந்திருந்த ஒற்றுக்கருவியைப் படைத்தவர் சிறையிலிருந்த தெரமினே. அதற்கு மின்கலமும் இல்லை. மின்கம்பி இணைப்பும் இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையைச் செலுத்தும்போது மட்டுமே அஃது உயிர்பெறும். அறையில் பேசுவோரின் குரல் மெல்லிய தகடொன்றை அதிரச்செய்ய, அதனால் மின்தேக்குத் திறன் மாறி, திரும்பும் அலையில் அப்பேச்சுப் பதிவாகும். 1952-இல் கண்டறியப்படும் வரை அது தூதரின் இல்லத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஈண்டு ஒன்றனை நாம் உற்றுநோக்குதல் வேண்டும். கையசைவால் மின்தேக்குத் திறன் மாறியபோது பிறந்தது இசை. குரலசைவால் அதே திறன் மாறியபோது பிறந்தது ஒற்று. விதி ஒன்றே, அறிஞரும் ஒருவரே. முன்னது உரிமையுடன் படைத்தது. பின்னது சிறைக்குள் படைத்தது. 1947-இல் அரசின் உயரிய ஸ்டாலின் பரிசு அவருக்குக் கிட்டியது. விடுதலையும் அவ்வாண்டே கிட்டியது. பரிசு இசைக்காக வழங்கப்பெற்றதன்று என்பது எண்ணத்தக்கது.

வித்து முளைத்த இடம்

மேலைநாட்டார் பலரும் தெரமின் இறந்துவிட்டார் என்றே நம்பியிருந்தனர். அக்காலத்தில் நியூயார்க் நகரில் இராபர்ட் மூக் என்னும் சிறுவர், பொழுதுபோக்கு மின்னணு இதழொன்றில் வந்த குறிப்புகளைக் கொண்டு, பொறியாளராகிய தம் தந்தையின் துணையுடன் 1949-இல் வீட்டிலேயே தெரமின் கருவியொன்றைச் செய்தார். 1954 முதல் அவற்றைச் செய்து விற்கலானார். கற்போர் தாமே பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுதிகளையும் பின்னர் வழங்கினார். அப்பயிற்சியே, 1964-இல் அவர் ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளருடன் இணைந்து சிந்தசைசரை உருவாக்க அடித்தளமாயிற்று. படைத்தவர் மேலைநாட்டார் அறியாது வாழ்ந்தபோதும், படைப்பு வீட்டுக் கூடங்களில் இளைஞர்தம் கைவண்ணத்தால் வளர்ந்தது.

தெரமினோ மாஸ்கோ இசைக்கல்லூரியில் மின்னிசைக் கருவிகளை மீண்டும் அமைக்க முனைந்தார். 1967-இல் அவர் உயிருடன் இருக்கும் செய்தி அமெரிக்க நாளேட்டில் வெளிவந்தது. அதன் விளைவாகப் பணியை இழந்தார்; அவர்தம் கருவிகளும் வெளியே எறியப்பெற்றன. எழுபது வயதைக் கடந்த நிலையிலும் மனந்தளராது பல்கலைக்கழக இயற்பியல் துறையில் எளிய பணியேற்றார். உறவினர் மகளாகிய லிடியா காவினா என்னும் சிறுமிக்குத் தம் கருவியைக் கற்பித்தார். அவர் பின்னாளில் உலகறிந்த கலைஞரானார். 1991-இல் அமெரிக்கா சென்ற தெரமின், கிளாராவைக் கண்டு அளவளாவினார். 1993-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், தம் 97-ஆம் அகவையில் மாஸ்கோவில் இயற்கை எய்தினார்.

அறிவு தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அதனை ஏவுவோரின் நோக்கமும், அறிஞருக்குக் கிட்டும் உரிமையுமே அதன் பயனை முடிவு செய்கின்றன. தெரமினை அரசுகள் பயன்படுத்திக்கொண்டன. அவர்தம் இசையைக் காத்தவர்களோ கைநோயுற்ற ஒரு கலைஞரும், வீட்டில் கருவி செய்த ஒரு சிறுவரும், முதியவரிடம் பாடங்கேட்ட ஒரு சிறுமியுமே ஆவர். ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராது எழும் சிற்றொலியையும் புறக்கணியாது செவிமடுக்கும் பண்பை மாணவர்கள் இப்பெரியாரிடம் கற்றல் நலம். அத்தகு மாணவர்க்கு அறிவும் உரிமையும் ஒருங்கே வாய்க்கச் செய்வது மூத்தோராகிய நம் கடனாகும்.