எம். ஜே. கோபாலன்

செங்கற்பட்டை அடுத்த மொரப்பாக்கத்தில் 1909-ஆம் ஆண்டு பிறந்த கோபாலனின் வேகப்பந்து வீச்சைக் கண்டு வியந்தவர் சென்னை ஆட்டக்காரர் சி. பி. ஜான்ஸ்டன். அவர் ஆதரவால் பர்மா ஷெல்லில் வேலையும் கிட்டியது. 1934-இல் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தைக் கோபாலனே வீசினார்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற நிலை எழுந்தது. கிரிக்கெட்டையே தேர்ந்தார். அங்கு நடந்த மூன்று டெஸ்ட் ஆட்டங்களுள் ஒன்றிலும் அவர் களமிறக்கப்படவில்லை. ஹாக்கி அணியோ தங்கம் வென்றது.

ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். 1950-களின் தொடக்கம்வரை சென்னைக்காக ஆடினார். பின்னர்ச் சென்னையும் இலங்கையும் அவர் பெயரிலேயே ஒரு கோப்பைக்காக மோதின. 2003-இல் மறைந்தார்.

அணியில் பெயர் இடம்பெற்றும் ஆடும் நாளை எதிர்நோக்கியிருக்கும் நம் வன்னி மாணவர்க்கு இவ்வாழ்வு நல்ல துணை.