தூய உணவுக்கு அரண் செய்த வைலி

உண்ணும் உணவே நஞ்சாகுமாயின் மாந்தர் நலமுடன் வாழ்வது எங்ஙனம்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேடு மலிந்திருந்தது. பால் கெடாதிருக்க வணிகர் சிலர் அதில் ஃபார்மலின் கலந்தனர்; இறைச்சியில் வெண்காரம் சேர்த்தனர். வாங்குவோர் அதனை அறியார். தடுப்பதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான சட்டமும் இல்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் ஹார்வி வாஷிங்டன் வைலி. இவர் 1844ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் உழவர் குடியில் பிறந்தார். மருத்துவமும் வேதியியலும் கற்றுப் பேராசிரியராய் விளங்கினார். 1883இல் அரசாங்க வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலர் ஆனார்.

கலப்பின் தீமையை மெய்ப்பித்தாலன்றிச் சட்டம் பிறவாது என வைலி உணர்ந்தார். 1902இல் இளைஞர் பன்னிருவர் தாமே முன்வந்து அவரது ஆய்வுக்கு உடன்பட்டனர். வெண்காரம் கலந்த உணவை உண்ட அவர்களைப் பசியின்மையும் தலைவலியும் வயிற்றுவலியும் வருத்தின. செய்தித்தாள்கள் அவர்களுக்கு நச்சுப்படை என்று பெயர் சூட்டின. மக்கள் விழித்தெழுந்தனர், மாதர் சங்கங்கள் துணைநின்றன. 1906ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்தில் கையொப்பமிட்டார். கலப்படப் பொருள்களையும் பொய்க்குறிப்பு ஒட்டிய பொருள்களையும் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புதல் குற்றமாயிற்று.

சட்டத்தைத் தளர்வின்றிச் செயற்படுத்த விழைந்த வைலிக்கும் மேலதிகாரிகளுக்கும் பிணக்கு மூண்டது. கொள்கையை விட மனமின்றி, 1912இல் அவர் பதவியைத் துறந்தார். பின்னர் ஓர் இல்லற இதழின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, விற்பனைப் பொருள்களின் தரத்தைச் சோதித்து மக்களுக்கு எடுத்துரைத்தார். 1930ஆம் ஆண்டு, சட்டம் பிறந்த அதே ஜூன் 30ஆம் நாளில் மறைந்தார். பதவி நீங்கினும் பொதுத்தொண்டு நீங்காது என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.